வஞ்சிரமும் வாதாபியும்: ரசனை பற்றி ஓர் எளிய விளக்கம்

ராமநாதபுரத்தில் ஒரு கல்யாணம். நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துப் பொருத்திக்கொண்டு ‘வாதாபி கணபதிம்’ கீர்த்தனையைத் தொடங்கினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மாமா பட்டென்று எழுந்து பந்திப் பக்கம் நடந்தார். மாமா சங்கீதம் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல கச்சேரி என்றால் கும்பகோணம் வரை பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு விடியற்காலையில் வீடு திரும்புகிற ஆள்.

“என்ன மாமா, இப்பத்தானே ஆரம்பிக்கிறாரு?”

“அதுக்குத்தான் மாப்ளே எந்திரிச்சேன். எத்தனை கல்யாணத்துல இதையே கேக்குறது? உருப்படியா வேற ஒண்ணு தெரியாதா இவங்களுக்கு?”

(கர்நாடக இசையில் ‘உருப்படி’ என்றாலே ஒரு பாடல் என்றுதான் பொருள். மாமா அந்தப் பொருளில் சொல்லவில்லை.)

இலை போட்ட பிறகும் பேச்சு ஓயவில்லை. எதிரில் இருந்த சித்தப்பா, “ஊருக்கே பிடிச்ச பாட்டு உங்களுக்கு மட்டும் ஆகலைன்னா கோளாறு பாட்டுலயா மச்சான், உங்ககிட்டயா?” என்று சீண்டினார். கல்லூரியில் படிக்கிற என் அக்கா மகள் நடுவில் புகுந்து, “ரசனைங்கிறது அவங்கவங்க இஷ்டம் தாத்தா. இதுல சரி, தப்புன்னு ஒண்ணும் கிடையாது” என்று வழக்கை முடித்துவைத்தாள்.

மூன்று பேரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு மூன்று தனித்தனி விஷயங்களைப் பேசினார்கள். மாமா சொன்னது சலிப்பு. சித்தப்பா சொன்னது செல்வாக்கு. பெண் சொன்னது விருப்பம். பாட்டின் தரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனாலும் தரத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்லியாயிற்று என்ற நிறைவோடு பாயசம் குடித்தார்கள். ‘நல்ல ரசனை’ பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் குழம்பிப் போகிறது. அந்தக் குழப்பத்தை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துப் பார்ப்போம்.

மீனில் தொடங்குவோம்

எங்கள் கடற்கரைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது வஞ்சிரம். முள் குறைவு, துண்டு போடத் தோது, வறுத்து வைத்தால் தட்டில் எடுப்பாக இருக்கும். விலையும் அதற்கேற்ப ஏறி நிற்கும். ஆனால் தேவிபட்டினத்திலோ மண்டபத்திலோ ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “எந்த மீன் ருசி?” என்று ஒரு பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். சூடை என்பார், காரல் என்பார், ஓரா என்பார். வஞ்சிரம் எப்படி என்றால் உதட்டைப் பிதுக்குவார். “அது முள்ளெடுக்கத் தெரியாத ஆளுக்கு உள்ள மீனு.”

இந்த ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை விஷயம் இருக்கிறது பாருங்கள். அவர் நாக்குக்குச் சூடையின் நெய்ப்பு பழகியிருக்கிறது, அது உண்மை. முள்ளோடு மல்லுக்கட்டித் தின்கிற வித்தை அவருக்குத் தெரியும், அதுவும் உண்மை. கூடவே, “நான் இந்தக் கரைக்காரன், நீ பஸ்ஸில் வந்து இறங்கினவன்” என்கிற ஓர் அறிவிப்பும் அதில் இருக்கிறது. வஞ்சிரம் மட்டமான மீன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. வறுத்துத் தட்டில் வைத்தால் மிச்சம் வைக்கவும் மாட்டார்.

ரசம் என்றால் சாறு. அதிலிருந்து வந்தவைதாம் ரசனையும் ரசிகரும். நம் ‘சுவை’யும் நாக்குக்கும் கவிதைக்கும் பொதுவான சொல். ஆகவே மீனை வைத்து இசையைப் பேசுவது குறும்பு இல்லை, சொல்லே அப்படித்தான் பிறந்திருக்கிறது. இந்தக் கட்டுரையில் ரசனை என்று நான் சொல்வது இது: ஒன்றை அனுபவித்து, அதில் உள்ள நுண்ணிய வேறுபாடுகளைப் பிரித்தறிந்து, தரம் சொல்லும் பழக்கம். செவ்வியல் இசை என்று சொல்வது, எழுதியோ வாய்வழியாகவோ வகுத்த இலக்கணமும் நீண்ட பயிற்சியும் உள்ள இசை. நமக்குக் கர்நாடக இசை, ஐரோப்பாவுக்கு பாக், பேத்தோவன் போன்ற இசையமைப்பாளர்கள் எழுதிய வகை.

‘எனக்குப் பிடிக்கும்’, ‘நன்றாக இருக்கிறது’

முதல் முடிச்சு மொழியில் இருக்கிறது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1790இல் வெளியிட்ட நூலில் இதைப் பிரித்துக் காட்டினார். கேனரித் தீவு ஒயின் இனிமையாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், ‘உனக்கு இனிமை என்று சொல்’ எனத் திருத்தலாம், அவரும் ஒப்புக்கொள்வார். ஆனால் ஒரு கட்டடமோ இசையோ அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ‘எனக்கு மட்டும்’ என்று சேர்த்தால் அது கேலிக்கூத்து. அழகு என்று சொல்கிற கணத்திலேயே மற்றவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் வந்துவிடுகிறது.

காண்ட் சொன்ன எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. இந்த ஒரு வேறுபாடு நமக்குப் போதும். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது என்னைப் பற்றிய செய்தி. அதை யாரும் மறுக்க முடியாது. ‘நன்றாக இல்லை’ என்பது பாட்டைப் பற்றிய செய்தி. அதைச் சொன்னால் காரணம் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும்.

இந்த இரண்டும் நாலு வகையாகவும் சேரும். ஒன்றைப் பிடித்து, அது நன்றாகவும் இருக்கலாம். தரம் குறைவு என்று தெரிந்தே பிடிக்கலாம். எனக்கு அப்படி ஒரு பெட்டி நிறையப் பழைய பாட்டு உண்டு. தரமானது என்று தெரிந்தும் பிடிக்காமல் போகலாம். தரமும் இல்லாமல், பிடிக்காமலும் போகலாம். இதில் மூன்றாவதை வெளியில் சொல்லத்தான் ஆட்களுக்குத் தைரியம் வருவதில்லை. “அருமையான உருப்படிதான், எனக்கென்னவோ ஒட்டவில்லை” என்று மாமா சொல்லியிருந்தால் பந்தியில் சண்டையே வந்திருக்காது.

அக்கா மகள் சொன்ன ‘அவங்கவங்க இஷ்டம்’ முதல் வாக்கியத்துக்கு முழுக்கப் பொருந்தும். இரண்டாவதற்குப் பொருந்தாது.

திரும்பத் திரும்பக் கேட்டால் என்ன ஆகிறது?

சரி, பிரபலமான பாட்டு ஏன் சிலருக்குக் கசக்கிறது? இங்கேதான் உண்மையான இயந்திரம் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கேட்பது என்பது ஊகிப்பது. ஒரு சுரம் ஒலிக்கும்போதே மூளை அடுத்தது என்ன என்று ஓர் ஊகத்தை வைத்துவிடுகிறது. ஊகம் பலித்தால் ஒரு நிம்மதி. லேசாகத் தவறி, பிறகு பார்த்தால் இதுவும் பொருத்தம்தான் என்று பட்டால் ஒரு சிலிர்ப்பு. ஒரேயடியாகத் தவறினால் குழப்பம். 1956இல் லெனார்ட் மேயர் என்ற அமெரிக்க இசையறிஞர், இசை நமக்குள் உணர்ச்சியை எழுப்புவதே இந்த எதிர்பார்ப்பை வைத்து விளையாடித்தான் என்று விரிவாக எழுதினார்.

அப்படியானால் புதிது புதிதாகக் கேட்பதுதானே சுகம்? அதுவும் இல்லை. ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் ஒரு சோதனையை வெளியிட்டார். பொருளில்லாத சொற்கள், சீன எழுத்து போன்ற வடிவங்கள், முன்பின் தெரியாதவர்களின் முகப்படங்கள் ஆகியவற்றைச் சிலவற்றை ஒரு முறை, சிலவற்றை 25 முறை என்று காட்டினார். அடிக்கடி கண்டவற்றையே மக்கள் அதிகம் விரும்பினார்கள். வேறு எந்தக் காரணமும் இல்லை. கண்டு பழகியதுதான் காரணம். இதற்கு வெறும் பழக்க விளைவு என்று பெயர் வைக்கலாம். வானொலியில் முதல் நாள் ‘என்ன பாட்டு இது’ என்று முகம் சுளித்த பாட்டைப் பத்தாம் நாள் நாமே முணுமுணுப்பது இதனால்தான்.

ஆனால் இந்த ஏற்றம் முடிவில்லாமல் போவதில்லை. டேனியல் பெர்லைன் என்ற உளவியலாளர் 1970களின் தொடக்கத்தில் வரைந்து காட்டிய கோட்டை நம் எழுத்திலேயே சொல்லிவிடலாம்: ‘ப’ என்ற எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூலைகளை வளைத்துவிட்டால் எப்படி இருக்கும், அது. முன்பின் கேட்டிராத போது விருப்பம் கீழே கிடக்கும். பழகப் பழக ஏறும். உச்சியைத் தொட்ட பிறகும் விடாமல் கேட்டால் இறங்கும். எளிமையான இசை சீக்கிரம் உச்சிக்குப் போய்ச் சீக்கிரம் இறங்கும். சிக்கலான இசை மெதுவாக ஏறும், இறங்கவும் நாளாகும்.

இது கடற்கரைக்காரர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. சூடை வந்து கொட்டுகிற நாட்களில் காலையும் சூடை, ராத்திரியும் சூடை. முதல் நாள் குழம்புக்கு வீடே மணக்கும். மூன்றாவது வாரத்தில் பிள்ளைகள் முட்டை கேட்டு அழும். சூடை அதே சூடைதான். அப்புறம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வந்து விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். அது முடிந்து முதல் படகு கரை சேர்ந்த அன்று வைக்கிற குழம்பின் ருசியைப் பற்றி எழுதினால் அது தனிக்கட்டுரை ஆகிவிடும். சலிப்பு பொருளில் ஒட்டிய அழுக்கு என்றால் இடைவெளி விட்டால் மட்டும் போகாது. ஆனால் போய்விடுகிறதே.

கல்யாணத்துக்குக் கல்யாணம் போகிற மாமா, கவிழ்த்த ‘ப’வின் வலது காலில் சறுக்கிக்கொண்டிருக்கிறார். அதே மண்டபத்தில் முதல் தடவை கேட்கிற பத்து வயசுப் பிள்ளை இடது காலில் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேரும் ஒரே பாட்டைத்தான் கேட்கிறார்கள்.

இதுவரை வந்த தூரம்: பிடித்தம் வேறு, தரம் வேறு. பிடித்தம் பழக்கத்தால் ஏறி, மிகைப் பழக்கத்தால் இறங்கும். அந்த இறக்கத்தைத் தரக்குறைவு என்று நாம் தவறாகப் படிக்கிறோம்.

ரிவர்ஸ் ஹாரனில் பேத்தோவன்

இன்னொரு கோளாறும் உண்டு. நாம் வெறுக்கிற பாட்டைப் பல நேரம் நாம் முழுக்கக் கேட்டதே இல்லை.

எங்கள் தெருவுக்கு வருகிற ஒரு வேன் பின்னால் வரும்போது ‘டிடி டிடி டிடி டீ டீ’ என்று ஒரு மெட்டு அடிக்கும். பல ஊர்களில் கார் ரிவர்ஸ் ஹாரனிலும், அழைப்பு மணியிலும், பொம்மை பியானோவிலும் இதே மெட்டுதான். இது பேத்தோவன் எழுதிய ‘ஃப்யூர் எலிஸே’. எழுதியது 1810இல். அவர் 1827இல் இறந்து நாற்பது ஆண்டு கழித்து, 1867இல்தான் அச்சில் வந்தது. ஹாரனில் வருவது அதன் தொடக்க மெட்டு மட்டும். அசல் பாட்டில் அந்த மெட்டு திரும்பத் திரும்ப வந்து போகும், இடையில் இரண்டு வேறு பகுதிகள் நுழையும். இரண்டாவது பகுதியில் இடது கை ஒரே கீழ்ச் சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, மேலே ஓர் இருட்டு கவியும். அதைக் கடந்து பழைய மெட்டு திரும்பி வரும்போது அது பழைய மெட்டாகவே இருக்காது. ஹாரன்காரருக்கு இந்த இருட்டு தேவைப்படவில்லை. அதனால் அந்தப் பாட்டு என்றாலே நமக்குச் சாக்கடைப் பக்கம் ஒதுங்கி நிற்கிற ஞாபகம்தான் வருகிறது.

ஜெர்மானிய இசையமைப்பாளர் பாகெல்பெலின் ‘கேனன்’ கதையும் இதேதான். 17ஆம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டி எழுதியது என்பார்கள். பல காலம் யாரும் சீந்தாமல் கிடந்து, 1960களின் கடைசியில் வந்த ஓர் இசைத்தட்டால் பெயர் பெற்றது. இன்று மேற்கத்திய கல்யாணங்களில் அது இல்லாமல் மோதிரம் மாறாது. அடியில் எட்டுச் சுரம், அதையே 28 முறை வாசிக்க வேண்டும். செல்லோக்காரர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் மேலே மூன்று வயலின்களும் ஒரே மெட்டை ஒன்றன்பின் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சம் தாமதித்துத் தொடங்கும். ஒன்றை மற்றது துரத்துகிற இந்த அமைப்புக்குத்தான் கேனன் என்று பெயர். விளம்பரத்துக்கும் மண்டபத்துக்கும் சுருக்கி வாசிக்கிற பலவற்றில் துரத்தலைத் தூக்கிவிட்டு அடியில் உள்ள எட்டுச் சுரத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். கேனனில் கேனனே இல்லை! உண்மையைச் சொன்னால், முழுவதையும் கேட்ட பிறகும் எனக்கு அது ஒட்டவில்லை. ஆனால் இப்போது எது ஒட்டவில்லை என்று தெரிந்து சொல்கிறேன்.

படைத்தவர்களுக்கே இந்தச் சலிப்பு வந்திருக்கிறது. ரஷ்யாவின் ராக்மனினாஃப் 1892இல், பத்தொன்பது வயதில், பியானோவுக்கு ஒரு சின்ன உருப்படி எழுதினார். அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பிறகு எந்த ஊர்க் கச்சேரிக்குப் போனாலும், கடைசியில் கூட்டம் அதைத்தான் கேட்டது. மனிதர் வெறுத்துப் போனார். உருப்படியில் பழுது வந்துவிட்டதா என்ன?

யாரிடமிருந்து விலகுகிறோம்?

இப்போது கொஞ்சம் கூச்சமான இடத்துக்கு வருவோம். ‘எனக்கு அது பிடிக்காது’ என்று சொல்லும்போது நாம் எப்போதும் காதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

எனக்கு இருபது வயதிருக்கும். மதுரையில் படித்துக்கொண்டிருந்தபோது கச்சேரி கேட்கிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்தேன். அங்கே ஒரு விதி உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதி: எல்லாருக்கும் தெரிந்த பாட்டு வந்தால் லேசாகச் சிரித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நானும் பார்த்தேன். அறைக்குத் திரும்பி அதே பாட்டைக் கேசட்டில் போட்டுக் கேட்டேன். இதைவிடக் கேவலமான ரசனை இருக்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது. பாட்டைச் சொல்லவில்லை, கடிகாரம் பார்த்ததைச் சொல்கிறேன்.

பிரான்ஸ் நாட்டுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1960களில் 1,217 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்து, 1979இல் ரசனை பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். எந்த இசை பிடிக்கும் என்று கேட்டபோது, உயர்கல்வி ஆசிரியர்கள் பக்கம் பாக் எழுதிய கடினமான விசைப்பலகை நூல் அதிகம் வந்தது. ‘நீல டான்யூப்’ என்ற வால்ட்ஸ் நடன இசை உழைக்கும் மக்களும் சிறு கடைக்காரர்களும் சொன்ன பட்டியலில் அதிகம் வந்தது. கவனியுங்கள், இரண்டும் செவ்வியல் இசைதான். ஆனால் ஒன்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதால் மதிப்பு இறங்கிவிட்டது.

பூர்தியூ இதற்கு ஒரு சொல் வைத்திருந்தார்: பண்பாட்டு மூலதனம். வீட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும் ஒருவருக்கு வருகிற கலைப் பழக்கம், பணம் போலவே அவருக்கு மதிப்பையும் வாய்ப்பையும் வாங்கித் தருவதைக் குறிக்கும் சொல் அது. பணத்தைப் போலவே, எல்லார் கையிலும் வந்துவிட்டால் அதற்கும் மதிப்புக் குறையும். அதனால்தான் எல்லாரும் கேட்கத் தொடங்கியதும் சிலர் எழுந்து போகிறார்கள். வஞ்சிரத்துக்கு உதட்டைப் பிதுக்குகிற பெரியவர் இதே வேலையைப் பணமில்லாமல் செய்கிறார். அவரிடம் இருப்பது முள்ளெடுக்கிற மூலதனம்.

சமூகம் வைத்த தரவரிசை இசைக்குள்ளேயே எப்படி உட்கார்ந்துகொள்ளும் என்பதற்கு நம் பக்கமே சான்று இருக்கிறது. இன்றைய கர்நாடகக் கச்சேரியின் அடுக்கு, அதாவது முதலில் வர்ணம், பிறகு கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, கடைசியில் சின்னச் சின்னப் பாடல்கள் என்ற முறை, பெரும்பாலும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்தது. அவருடைய குரு, ராமநாதபுரம் சமஸ்தானத்தால் பெயர் பெற்ற பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார். கடைசியில் வருகிற சின்னப் பாடல்களுக்குத் துக்கடா என்று பெயர்; துண்டு என்பது பொருள். பல காலம் முக்கிய இடங்களில் தெலுங்கும் சமஸ்கிருதமும் இருக்க, தமிழ்ப் பாடல்களுக்குக் கிடைத்தது இந்தத் துண்டு இடம்தான். 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்ததும், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதும் இந்தப் பின்னணியில்தான். ‘கச்சேரியின் நடுவே பாடுகிற கனம் தமிழ்ப் பாட்டுக்கு உண்டா?’ என்ற கேள்வி அன்று ரசனைக் கேள்வி போலவே உடை உடுத்திக்கொண்டு வந்தது. அதற்குள் இருந்தது வேறு.

வேடிக்கையான பக்கமும் உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் சான் சான்ஸ் 1886இல் விளையாட்டாக ‘விலங்குகளின் திருவிழா’வை எழுதினார். தன் கனமான பெயர் கெட்டுவிடும் என்று பயந்து, ‘அன்னம்’ என்ற ஒரு பகுதியைத் தவிர மற்றவற்றைத் தாம் உயிரோடு இருக்கும்வரை அச்சிடக் கூடாது என்று தடுத்துவிட்டார். 1921இல் இறந்தார், 1922இல் முழுவதும் வெளிவந்தது. இன்று அவர் பெயரைச் சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

சுருக்கமாக: வெறுப்பின் ஒரு பங்கு சலிப்பு, ஒரு பங்கு மெலிந்த நகல், ஒரு பங்கு ‘நான் அந்தக் கூட்டம் இல்லை’ என்ற அறிவிப்பு. மூன்றுமே பாட்டின் தரத்தைத் தொடவில்லை.

அப்படியானால் நல்ல ரசனை என்று ஒன்று இல்லையா?

பூர்தியூவைப் படித்தவர்கள் சிலர் இங்கேயே கடையைக் கட்டிவிடுவார்கள். எல்லாமே அந்தஸ்து விளையாட்டு, நல்லது கெட்டது என்பதே கட்டுக்கதை என்பார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. காரணம் மீன் விற்கிற ஆத்தாக்கள்.

கரையில் கூறு போட்டு விற்கிற ஒரு ஆத்தாவிடம் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மீனைக் கொடுங்கள். விரலால் ஓர் அழுத்து அழுத்துவாள். குழி விழுந்து அப்படியே நின்றால் ஒதுக்குவாள். செவுளைத் தூக்கி ஒரு முகர்வு. “இது நேத்துப் பட்ட மீனு, ஐஸ்ல கிடந்திருக்கு.” அவள் சொன்னது அவள் ‘இஷ்டம்’ இல்லை. மீனில் இருப்பதைத்தான் சொன்னாள். நமக்கு அது தெரியாததால் இல்லாமல் போய்விடவில்லை.

ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூம் 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில், டான் குயிக்ஸாட் நாவலில் வருகிற ஒரு கதையை எடுத்தாள்கிறார். ஒரு பீப்பாய் ஒயினை இரண்டு பேர் ருசி பார்க்கிறார்கள். ஒருவர், நல்ல ஒயின்தான், லேசாகத் தோல் வாசம் அடிக்கிறது என்கிறார். மற்றவர், நல்லதுதான், லேசாக இரும்பு வாசம் என்கிறார். கூடியிருந்தவர்கள் இருவரையும் கேலி செய்கிறார்கள். பீப்பாய் காலியானதும் அடியில் கிடக்கிறது தோல் வார் கட்டிய ஒரு பழைய சாவி.

நல்ல ரசனை என்பது அந்தச் சாவியை நாக்கால் கண்டுபிடிப்பது. அதற்கு என்ன வேண்டும் என்று ஹ்யூம் சொல்வது நம் ஆத்தாவுக்கு அப்படியே பொருந்தும்: நுண்ணிய புலன், நிறையப் பழக்கம், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம், முன்முடிவு இல்லாத மனம், தெளிந்த அறிவு. இதில் நாலாவதுதான் சிரமம். மாமாவுக்கு முதல் மூன்றும் உண்டு, ஐந்தாவதும் உண்டு. ‘வாதாபி’ என்று காதில் விழுந்ததும் நாலாவது மட்டும் எழுந்து பந்திக்குப் போய்விடுகிறது.

2013இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்குப் பிடித்தமானது. வணிக வளாகங்களில் அச்சடித்து ஏராளமாக விற்ற அமெரிக்க ஓவியர் தாமஸ் கின்கேடின் படங்களையும், 19ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் மில்லேயின் படங்களையும் வகுப்பில் மாணவர்களுக்குப் பலமுறை காட்டினார்கள். பழக்கம் மட்டுமே எல்லாம் என்றால் இரண்டின் மீதும் விருப்பம் ஏறியிருக்க வேண்டும். கின்கேட் படங்களைப் பார்க்கப் பார்க்க விருப்பம் குறைந்தது. மில்லேக்கு அப்படிக் குறையவில்லை. சின்ன ஆய்வுதான், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் அது காட்டுகிற திசை சுவையானது. மறுபடி மறுபடி சந்திப்பது சிலவற்றின் குறையை வெளியே கொண்டுவருகிறது, சிலவற்றின் நிறையை வெளியே கொண்டுவருகிறது. அப்படிப் பார்த்தால், நூறு கல்யாணம் தாண்டியும் ஒரு பாட்டு நிற்கிறது என்றால் அதைக் குற்றமாகச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதற்காகச் செல்வாக்கே தரத்துக்குச் சான்று என்று சித்தப்பா கட்சியில் சேர்ந்துவிட வேண்டாம். பாக் இறந்தது 1750இல். கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் அவருடைய ‘புனித மத்தேயு பேஷன்’ இசையை மெண்டல்ஸான் என்ற இசையமைப்பாளர் 1829இல் மறுபடி மேடையேற்றும்வரை பொதுமக்கள் காதில் அது பெரும்பாலும் விழவில்லை. அந்த இடைக்காலத்தில் அது மட்டமான இசையாகவா இருந்தது? ஊர் கேட்பதோ கேட்காததோ மட்டுமே தரத்துக்குச் சான்று ஆகிவிடாது.

மறுபடி அந்த மண்டபத்துக்கு

கர்நாடக இசைக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. ‘ஃப்யூர் எலிஸே’யில் சுரங்கள் எழுதியபடி, வாசிப்பவர் வேகத்திலும் அழுத்தத்திலும்தான் தன்னைக் காட்ட முடியும். நம்மிடம் அப்படி இல்லை. முத்துசுவாமி தீட்சிதரின் ‘வாதாபி’ இருக்கிற ஹம்ஸத்வனி, அவருடைய தந்தை ராமசுவாமி தீட்சிதர் உருவாக்கிய ராகம். ஐந்தே சுரம். பார்க்கப் போனால் சீக்கிரம் சலித்திருக்க வேண்டிய எளிமை. ஆனால் பல்லவியின் ஒரே வரியை எடுத்து, முதல் தடவை நேராக, அடுத்த தடவை ஒரு சின்ன வளைவோடு, அதற்கடுத்து இன்னும் கொஞ்சம் ஏறி என்று படிப்படியாக விரித்துக்கொண்டே போவார்கள். இந்த விரிவுகளுக்குச் சங்கதி என்று பெயர். இன்று நாம் கேட்கிற சங்கதிகளில் பல, 19ஆம் நூற்றாண்டின் மகா வைத்தியநாத ஐயர் வழி வந்தவை என்பார்கள். அதற்குப் பிறகு, அந்தக் கணத்தில் தோன்றுவதைச் சுரங்களாகக் கோத்து வாசிக்கிற கற்பனை சுரம் வரும். கேட்பவரின் ஊகத்தை எங்கே பலிக்கவிட வேண்டும், எங்கே தவறவிட வேண்டும் என்ற விளையாட்டு முழுக்க இங்கேதான். எல்லாருக்கும் தெரிந்த பாட்டில்தான் இந்த விளையாட்டு நன்றாக எடுபடும். தெரியாத பாட்டில் எது வழி, எது வழிமாற்றம் என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

அன்று அந்த நாதஸ்வரக்காரர், கற்பனை சுரத்தில் மேல் ஸட்ஜத்தை, அதாவது மேல் ‘ஸ’வைத் தொடப்போகிற மாதிரி மூன்று தடவை ஏறி, தொடாமலே இறங்கினார். தவில்காரர் சிரித்துவிட்டார். நாலாவது தடவை எல்லாரும் விட்டுவிட்ட நேரத்தில் போய்த் தொட்டார். நான் கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் இதை மாமாவிடம் சொன்னேன்.

“அப்படியா பண்ணான்? எந்த இடத்துல?”

பாடிக் காட்டினேன். எனக்குக் குரல் சுமார்.

“சரி, சரி, போதும் மாப்ளே” என்றார். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்துவிட்டு, “அந்த செட்டு யாரு, எந்த ஊராம்?” என்று கேட்டார்.